கொடுமணல் ஈமக்காடும் தரை ஊடுருவும் ரேடாரும்

தரை ஊடுருவும் ரேடார் என்பது, மண்ணைத் தோண்டாமலேயே அதற்குள் இருக்கும் பொருட்களையும் வெற்றிடங்களையும் ரேடியோ அலைகளைக் கொண்டு கண்டறியும் கருவியாகும். பழங்கால இடுகாடுகளை ஆராய இது பெரிதும் பயன்படுகிறது. ஒருமுறை தோண்டிய ஈமக்குழியை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது என்பதே காரணம்.

கொங்கு நாட்டில் இம்முறைக்குப் பொருத்தமான இடம் கொடுமணல். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலின் வடகரையில் உள்ள இவ்வூரில் 1985 முதல் பல கட்டங்களாக அகழாய்வுகள் நடந்துள்ளன. பதிற்றுப்பத்து கூறும் 'கொடுமணம்' இவ்வூரே என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இங்குள்ள ஈமக்காட்டில் கற்குவைகளுக்கும் கல்வட்டங்களுக்கும் அடியில், கருங்கற் பலகைகளைப் பெட்டிபோல் நிறுத்தி அமைத்த கல்லறைகள் உள்ளன. அவற்றிலிருந்து சூதுபவள மணிகள், இரும்புக் கருவிகள், எழுத்துப் பொறித்த பானைகள் கிடைத்துள்ளன.

கொங்கு வட்டாரத்தில் உழவுக்கும் வேலிக்கும் கட்டடத்துக்கும் ஈமச்சின்னங்களின் கற்கள் எடுக்கப்பட்டு வந்துள்ளன. மேற்கல் போய்விட்டால் அடியில் கல்லறை இருப்பதற்குத் தரைமேல் அடையாளமே இராது. ரேடாரின் தேவை இங்குதான் எழுகிறது.

கருவியை அரை மீட்டரோ அதற்கும் குறைவோ இடைவெளி விட்டு, இணைகோடுகளாக இழுத்துச் செல்வர். அதன் உணர்கொம்பு அனுப்பும் அலை, மண்ணின் தன்மை மாறும் இடத்தில் பட்டுத் திரும்பும். மண்ணில் அலையின் வேகம் நானோ வினாடிக்கு 10 செ.மீ. எனில், 20 நானோ வினாடியில் திரும்பும் அலை 1 மீட்டர் ஆழத்தைக் காட்டும். தனிக்கல்லோ தாழியோ திரையில் கவிழ்ந்த வில் போலத் தெரியும். எலும்பு பெரும்பாலும் தெரியாது. குழியின் விளிம்பு, பலகைக்கல், உள்ளிருக்கும் வெற்றிடம் ஆகியவையே தெரியும்.

உலர்ந்த செம்மண்ணிலும் சரளை மண்ணிலும் அலை நன்கு இறங்கும். ஈரக் களிமண்ணிலும் கரிசலிலும் விரைவில் மங்கிவிடும். உப்பேறிய மண் இன்னும் மோசம். திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்த நொய்யல் நீர் பாய்ந்த நிலங்களில் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். மேலும், கொங்கு நிலத்தில் இயற்கையாகக் கிடக்கும் பாறை உருண்டைகளும் கல்லறை போன்ற குறியையே தரக்கூடும்.

ஆகவே ரேடார் காட்டுவது ஐயத்திற்குரிய இடங்களை மட்டுமே. கனடாவின் கேம்லூப்சில் இருந்த பழங்குடிச் சிறார் உறைவிடப் பள்ளி வளாகத்தில், 2021இல் 215 எனக் கூறப்பட்ட புதைகுழிகள், முன்பே தோண்டப்பட்ட பகுதியைக் கழித்தபின் 'இருக்கக்கூடிய' 200 எனத் திருத்தப்பட்டன. தமிழ்நாட்டில் கீழடி அகழாய்விலும் ரேடார் பயன்பட்டுள்ளது. கருவி காட்டிய இடத்தில் சிறு சோதனைக் குழி இட்டுப் பார்த்த பிறகே, அது கல்லறையா வெறும் பாறையா என்பது உறுதியாகும்.