கோணல் எங்கே போகிறது?

2015-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மும்பை தாராவியில் ‘தாராவி பினாலே’ என்ற கலைவிழா நடந்தது. நடத்தியது ஸ்நேஹா தொண்டு நிறுவனம். சயான் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளைக் கவனித்துவந்த மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1999-ல் தொடங்கியது அது. விழாவில் வைத்த படைப்புகளில் ஒன்று, துணியாலான தாராவி வரைபடம். வீட்டுக்குள் பெண்கள் அடிபடுவதை அந்தப் பகுதிப் பெண்களே வரைபடமாகத் தைத்திருந்தார்கள். துணிக்கலைஞர் சூசி விக்கரி அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் சேதியைத்தான் பேசுவார்கள், பேசவேண்டியதும் அதைத்தான். ஆனால் ஊசி பிடித்தவர்களுக்கு இன்னொரு கேள்வியும் எழும். பல பேர் தைத்த துணி ஒன்றாகச் சேரும்போது கோணாமல் எப்படி விரிகிறது?

மும்பை செம்பூரில் ஒரு மகளிர் குழு, ஆளுக்குச் சில ஒரு அடிச் சதுரங்களைத் தைத்து, எல்லாவற்றையும் இணைத்துப் போர்வை ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுரத்துக்குள் ஒன்பது சின்னக் கட்டங்கள், வரிசைக்கு மூன்று. மூன்று துண்டுகளை இணைக்க இரண்டு தையல். தையலுக்கென்று ஓரத்தில் கால் அங்குலம் விடுவது வழக்கம். ஒருவர் கையில் அது ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டால், ஒவ்வொரு தையலிலும் இரு பக்கத் துணியும் ஒரு மில்லிமீட்டர் அதிகமாக உள்ளே போகும். ஆக ஒரு சதுரத்துக்கு நாலு மில்லிமீட்டர் குறையும். அப்படிப் பத்துச் சதுரங்கள் வரிசையில் நின்றால் நாலு சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும்.

எல்லாவற்றையும் ஒருவரே தைத்திருந்தால் பாதகமில்லை. எல்லா வரிசையும் ஒரே அளவு குறைந்திருக்கும். போர்வை கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். பத்துப் பேர் தைத்தால் கதை வேறு. ஒருவர் ஓரத்தை அதிகம் பிடிப்பார், இன்னொருவர் குறைத்துப் பிடிப்பார்; கூடுதலும் குறைவும் ஓரளவு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இப்படித் தற்செயலாக வரும் பிழை, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடுதான் வளரும் என்கிறது புள்ளியியல். பத்தின் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.16. எனவே நாலு மில்லிமீட்டர் பிழை, பத்துச் சதுரங்களில் 40 ஆகாமல் சுமார் 13 மில்லிமீட்டரிலேயே நின்றுவிடும்.

பல கை பட்டால் மொத்தப் பிழை குறைகிறது! சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், அடுத்த வரிசை வேறு அளவில் தவறியிருக்கும். நாலு சதுரங்களின் மூலைகள் கூடவேண்டிய இடத்தில் கூடாது. ஒருவர் பிழையால் போர்வை சுருங்கும். பலர் பிழையால் கோணும்.

துணியும் சும்மா இருப்பதில்லை. பாவு வாக்கிலோ ஊடை வாக்கிலோ இழுத்தால் நெசவுத்துணி அதிகம் நீளாது. மூலைவாட்டில் இழுத்துப் பாருங்கள், நெகிழும். நூல் நீள்வதில்லை, செங்குத்தாகப் பின்னிக் கிடந்த நூல்கள் சாய்ந்து, நெசவின் குட்டிக் கட்டங்கள் சாய்சதுரமாகின்றன. தையல்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்வது இந்த வாட்டத்தைத்தான். குழுவில் ஒருவர் முக்கோணத்தைக் கிராஸில் வெட்டியிருந்தால், இஸ்திரிப் பெட்டியின் ஒரு தள்ளலிலேயே அது அளவு மாறிவிடும்.

இதோடு முதல் தண்ணீர். தறியில் இழுபட்டபடி நெய்யப்பட்ட பருத்தி நூல், நனைந்ததும் வீங்கி, இழுவை தளர்ந்து, சுருங்கும். நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலே ஒரு அடியில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் போய்விடும். பக்கத்தில் இருக்கும் பாலியெஸ்டர் துண்டோ அசையாது. தைத்தபோது சமமாக இருந்த போர்வை, துவைத்து உலர்த்தியதும் அலை அலையாக நிற்பது இதனால்தான்.

சமாளிக்க வழிகள் உண்டு. மிகக் கண்டிப்பான வழி, ஓரத்தை மட்டும் சட்டமாக்குவது. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் விரிக்கப்பட்ட எய்ட்ஸ் நினைவுப் போர்வையில் இறந்தவர்களுக்காக அன்பானவர்கள் செய்தனுப்பிய துணிப்பாளங்கள் 1,920 இருந்தன. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி. ஒரு மனிதரைப் புதைக்கும் இடத்தின் அளவு. எட்டைச் சேர்த்தால் பன்னிரண்டடிச் சதுரம். பாளத்துக்குள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், வெளி அளவில் மட்டும் கைவைக்கக் கூடாது.

இன்னொன்று மெஷினின் தந்திரம். ஊசிக்குக் கீழே துணியை நகர்த்தும் பற்கள், அடித்துணியை மேல்துணியைவிடச் சற்றே வேகமாக இழுக்கும். தெரிந்தவர்கள் நீளமான துண்டைக் கீழே வைத்துத் தைப்பார்கள். சில மில்லிமீட்டர் வித்தியாசம் அதிலேயே கரைந்துவிடும். அதற்கும் மேல் போனால் சதுரங்களுக்கு நடுவே பட்டைத்துணி கொடுக்கலாம். மூலைகள் ஒன்றையொன்று தொடாதபோது அவை தவறியது யாருக்குத் தெரியும்?

மராட்டிய வீடுகளின் கோதடி இந்தத் தொல்லைகளையே வைத்துக்கொள்வதில்லை. பழைய சேலைகளை அடுக்கடுக்காக விரித்து, மேலே துண்டுகளைப் பரப்பி, எல்லாவற்றையும் ஊடுருவும்படி ஓட்டுத்தையல் போடுகிறார்கள். துண்டோடு துண்டு பொருந்தவேண்டிய கட்டாயமே இல்லை. ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறிக்கொள்ளலாம். தாங்குவது அடியிலிருக்கும் சேலை. பல வருஷம் துவைத்த சேலை என்பதால் சுருங்கவேண்டியதெல்லாம் முன்பே சுருங்கியிருக்கும். நெருங்கிய தையல், அடுக்குகள் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. இடையில் சிக்கிய அசையாத காற்று வெப்பத்தைக் காக்கிறது. மும்பைக் குளிருக்கு அவ்வளவு தேவையா என்பது வேறு விஷயம். தரையில் விரித்துப் படுக்க இதற்கு ஈடு கிடையாது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாபூர், ஹளியாள் பகுதிகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள் தைக்கும் கவந்திப் போர்வை இன்னும் விசித்திரமானது. ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிக்கொண்டே, சுழல்போல் நடுவை நோக்கித் தைத்து வருவார்கள். துண்டுகள் முன்கூட்டியே இணைக்கப்படுவதில்லை. மிச்சமிருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் அடுத்த துண்டை மடித்து வைக்கிறார்கள். சதுரப்போர்வையில் பிழை ஓரத்தை நோக்கி ஓடுகிறது. இங்கே ஓரம் முதலிலேயே முடிந்துவிடுகிறது. பிழை நடுவில் போய்ச் சேர, அதற்கேற்ற துண்டை வைத்து மூடிவிடுகிறார்கள். நான்கு மூலைகளிலும் பூ என்று முக்கோணத்துணி மடித்துவைக்காமல் கவந்தி நிறைவடையாது.

அளவில் இவற்றையெல்லாம் விழுங்கியது சென்னையில் நடந்தது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர், அவரவர் ஊரில் பின்னிய சதுரங்களைச் சேர்த்து, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் குரோஷே போர்வையை விரித்துக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். சதுரம் நாற்பது அங்குலம் என்றால் இது 10,800 சதுரங்கள். சதுரமாகவே அடுக்கினால் வரிசைக்குச் சுமார் 104. ஒவ்வொருவரும் ஒரே பக்கமாக ஒரு சென்டிமீட்டர் தவறினால் வரிசை ஒரு மீட்டர் தள்ளிப்போகும்; தற்செயலாகத் தவறினால் பத்து சென்டிமீட்டர்தான். குரோஷே பின்னல் கண்ணிகளால் ஆனது, நெசவுபோல் விறைப்பானது அல்ல. இழுத்தால் அந்தப் பத்து சென்டிமீட்டருக்கும் வளைந்துகொடுக்கும்.

செம்பூர்க் குழு என்னிடம் கேட்டால், கோதடியைத்தான் சொல்வேன். ஆளுக்கொரு பழைய சேலையும் கைக்கு வந்த துண்டுகளும் போதும், அளவுகோலைத் தேடவேண்டாம்.