கழுகு வராத குன்று

செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள திருக்கழுக்குன்றத்துக்கு யாத்திரை சென்று வந்த நேயர்கள் அநேகர் இருப்பார்கள். உச்சி வேளையில் மலைமேல் குருக்கள் சர்க்கரைப் பொங்கலுடன் காத்திருப்பார். ஜனங்கள் வெயிலையும் பொருட்படுத்தாமல் வானத்தையே நோக்கி நிற்பார்கள். காசியில் நீராடி வருவதாக ஐதீகம் உள்ள இரண்டு பக்ஷிகள் பாறையில் இறங்கிப் பிரசாதத்தை உண்டு பறந்து போகும். 1990-களின் இறுதியில் அவை வருவது நின்றுபோயிற்று. கலி முற்றிவிட்டது என்றார்கள் சிலர். நாமும் அதற்குமேல் விசாரிக்கவில்லை.

அவற்றைக் கழுகு என்று நாம் சொல்லிவந்தாலும், பாறு என்பதே அந்த இனத்துக்குரிய பழந்தமிழ்ப் பெயர். ஜடாயுவைக் கோயில் வைத்துக் கும்பிடுகிறோம். அவனுடைய சுற்றத்தாரைப் பிணந்தின்னி என்று இகழ்கிறோம்! ஊருக்கு வெளியே மாடு ஒன்று இறந்து கிடந்தால், கூட்டமாக வந்து சிறிது நேரத்துக்குள் வெறும் எலும்பாக்கிவிட்டுப் போகும் பக்ஷிகள் அவை. கூலி கேளாத தோட்டிகள்.

பாரத நாட்டில் கோடிக்கணக்கில் இருந்த இந்தப் பக்ஷிகள் கண்ணெதிரே மறைந்தன. வெண்முதுகுப் பாறு என்னும் இனத்தில், 1992-ல் ஆயிரம் இருந்த இடத்தில் 2007-ல் ஒன்றுதான் மிஞ்சியது. ஏதோ தொற்றுநோய் என்றே முதலில் பலரும் சந்தேகித்தார்கள். உண்மை 2004-ல் வெளியாயிற்று. பாகிஸ்தானில் இறந்து கிடந்த பாறுகளை ஆராய்ச்சியாளர்கள் அறுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்மையான உப்புப் படிந்திருந்தது. அவ்வாறு மாண்டவற்றில் 25-ஐச் சோதித்தபோது இருபத்தைந்திலும் டைக்ளோபினாக் என்னும் மருந்து இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பக்ஷிகளில் ஒன்றிலும் இல்லை.

அது விஷமன்று, வலி தீர்க்கும் மருந்து. நொண்டும் எருதுக்கும் மடி வீங்கிய பசுவுக்கும் இரக்கத்தால் போட்ட ஊசி. பசுவைக் கொல்லலாகாது என்று எண்ணும் நாட்டில் கிழ மாட்டின் நோவைத் தணிக்க வேறென்ன செய்வது? மருந்தும் மலிவு. ஆனால் ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்துவிட்டால், அதை உண்ணும் பாறுகள் கூட்டத்தோடு மடிகின்றன. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவாக அந்த மருந்து இருந்தாலே இனம் அழிந்துபோகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் ஜீவகாருண்யமே இப்படித் திரும்பியது நெஞ்சை உறுத்துகிறது.

நஷ்டம் பக்ஷிகளோடு நிற்கவில்லை. அழுகிய பிணங்கள் நீரைக் கெடுத்தன. அவற்றைத் தின்று நாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் மனிதர்கள் இதனால் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்பது 2024-ல் வெளியான பொருளாதார ஆராய்ச்சி ஒன்றின் மதிப்பீடு.

சர்க்கார் 2006-ல் கால்நடைகளுக்கு இம்மருந்தைத் தடை செய்தது. மெலாக்ஸிகாம் என்ற மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றது என்பதும் அவ்வருஷமே நிரூபணமாயிற்று. தடை வந்தால் தந்திரமும் வருமன்றோ? மனிதர்களுக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போயின. ஆகவே 2015-ல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023-ல் கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் ஆகிய இரண்டும் தடைப்பட்டன. தொழுவத்தில் மாடு கட்டியிருக்கும் நேயர்கள், வைத்தியர் ஊசி எடுக்கும்போது மருந்தின் பெயரைக் கேட்டுக்கொள்வது நலம்.

ஹரியானாவில் பிஞ்சோர் என்ற இடத்தில் பாறுகளைக் கூண்டில் வளர்த்துப் பெருக்குகிறார்கள். அங்கிருந்து 2020-ல் எட்டுப் பக்ஷிகளை வெளியே விட்டார்கள். எட்டுத்தானா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இவ்வினம் வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு தாயாவதற்குச் சுமார் ஐந்து வருஷம் செல்லும்.

நம் தமிழ்நாட்டிலும் இவை அடியோடு போய்விடவில்லை. நீலகிரியின் வடக்கே, மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றங்கரை நீர்மருத மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் இன்னும் சுள்ளிகளால் கூடு கட்டுகின்றன. கூட்டுக்கு ஒரு குஞ்சு. தாயும் தந்தையும் மாறி மாறிக் காவல் இருந்து, இரை தேடிக் காட்டுக்கு அப்பாலுள்ள ஊர்களின்மேலும் வட்டமிடுகின்றன.