லயத்து வாசலில் சூரியகாந்தி

ஊவாவின் சாலையோரங்களிலும் தேயிலை மலைச் சரிவுகளிலும் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும் மஞ்சள் மலரைப் பலரும் சூரியகாந்தி என்றே சொல்லுவர். அது சூரியகாந்தி அன்று. மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்டு, 19ஆம் நூற்றாண்டில் அலங்காரச் செடியாக இலங்கைக்கு வந்து, வேலி தாண்டிப் பரவிவிட்ட காட்டுச் சூரியகாந்தி அது. தண்டை ஒடித்து நட்டாலே தழைத்துவிடும். அதன் தழையைத் தேயிலைக்குப் பசளையாகவும் இடுவதுண்டு. மெய்யான சூரியகாந்தியோ விதையிலே பிறந்து, ஆளுயரத்தையும் கடந்து வளர்ந்து, பூத்து, விதை கொடுத்து, ஏறத்தாழ நான்கே மாதங்களில் மடிந்துவிடும் செடி.

இந்த நான்கு மாதக் கணக்குத் தோட்ட மக்களுக்குப் பொருந்துவதொன்று. தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தும், வாசற்படிக்கு வெளியே உள்ள மண் அவர்களுக்கு உரிமையாக இருந்ததில்லை. பலா காய்க்கும் நாள்வரை அவ்விடம் தம்மிடம் இருக்குமோ என்று அறியாதவர், மரம் நடத் தயங்குவது இயல்பே. அண்மைக் காலத்தில் 7 பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு பெற்ற குடும்பங்கள் உள. பெறாத குடும்பங்கள் இன்னும் பல. ஒரு பருவத்துச் செடி காணி உறுதியைக் கேட்பதில்லை.

பதுளைப் பக்கத்தில் இதனை விதைப்பதற்குப் பங்குனி மாதம் நல்லது. ஐப்பசி தொடங்கிப் பெய்யும் பெருமழையில் இளநாற்று அழுகிவிடும். சரிவு நிலமாயின் விதையே மண்ணோடு கரைந்து போகும். பங்குனி, சித்திரையில் பெய்யும் பிற்பகல் மழை போதுமானது. அப்போது விதைத்தால் வைகாசிக் கடைசியிலோ ஆனியிலோ பூக்கும். ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தரும் வறண்ட காற்று ஆடியில் வீசும்போது, விதை முற்றி உலர்வதற்கு அக்காற்றே துணையாகும்.

தேயிலை நிலம் புளிப்பு மிகுந்தது. தேயிலைக்கு அது வேண்டும், சூரியகாந்திக்கு வேண்டாம். ஆதலால் விதைப்பதற்குச் சில வாரங்கள் முன்னரே மண்ணைக் கொத்தி, சிறிது டொலமைட்டும் மக்கிய சாணமும் கலந்து வைக்க வேண்டும். டொலமைட் கிடைக்காவிடில் அடுப்புச் சாம்பலை அளவாகத் தூவலாம். ஆணிவேர்ச் செடியாதலின் நாற்றுப் பிடுங்கி நடுதல் ஆகாது. ஒரு அங்குல ஆழத்தில், குழிக்கு இரண்டு விதையாக, ஒன்றரை அடி இடைவெளியில் நேரே ஊன்றுதல் வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். இரண்டில் நலிந்ததை நீக்கிவிடலாம். நீக்க மனம் வராமல் இரண்டையும் விடுபவர் இரண்டையும் மெலியச் செய்கின்றனர்.

எங்கே நடுவது என்பதிலேதான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். சூரியகாந்தி நாள் முழுதும் கதிரவனைத் தொடர்ந்து திரும்பும் என்பது பாதி உண்மை. இளஞ்செடியும் மொட்டுமே அவ்வாறு திரும்புவன. பகலில் தண்டின் கீழ்ப்புறமும் இரவில் மேற்புறமும் மிகுதியாக வளர்வதே அதற்குக் காரணம் எனக் கலிபோர்னியப் பல்கலைக்கழக அறிஞர் 2016இல் விளக்கினர். முற்றாக மலர்ந்த பூ அசையாது; கிழக்கு நோக்கியே நின்றுவிடும். காலை வெயிலில் விரைந்து சூடேறுவதால் தேனீக்களும் அதனிடம் அதிகம் வருகின்றன. எனவே மேற்குப் பார்த்த வாசலுடைய வீட்டார் முற்றத்தில் நட்டால் பூ அவர்களைப் பார்த்து நிற்கும். கிழக்குப் பார்த்த வாசலுக்கு முன் நட்டாலோ, முகம் வழிப்போக்கருக்கு, முதுகு வீட்டாருக்கு! அவர்கள் வீட்டின் பின்புறத்தில் நடுவதே தகும்.

இடுப்புயரம் வந்ததும் மூங்கிற் கழி ஊன்றித் தளர்வாகக் கட்டிவிடல் வேண்டும். ஆடிக் காற்று, தலை கனத்த செடியை ஒரே இரவில் சாய்த்துவிடும்.

ஒரு பூ என நாம் காண்பது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். அவை வெளி வட்டத்திலிருந்து உள்நோக்கி நாள்தோறும் விரிகின்றன. பூத்தலையின் பின்புறம் பச்சை மாறி மஞ்சளாகிப் பழுப்பேறத் தொடங்கினால் விதை முற்றியது என்று கொள்ளலாம். அதற்குள் கிளிகள் கணக்குப் பார்த்துவிடும். பழந்துணியால் தலையைக் கட்டி வைப்பதே காப்பு. பின் ஒரு சாண் காம்புடன் அறுத்து, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டு, உலர்ந்தபின் விதையை உதிர்க்க வேண்டும்.

கடையில் வாங்கும் கலப்பின விதையின் வழித்தோன்றல்கள் தாய்ச்செடியைப் போல் அமைவதில்லை. நாட்டு வகையாயின், உயர்ந்து திடமாக நின்ற செடியின் விதையையே எடுத்து வைப்பது வழக்கம். நன்கு உலர்ந்த விதையைச் சாம்பல் கலந்து மூடியுள்ள டின்னில் இட்டு, புகையும் ஈரமும் படாத இடத்தில் வைத்தால் அடுத்த பங்குனிவரை கெடாது. விதைக்குமுன் பத்து விதைகளை ஈரத்துணியில் முடிந்து பார்த்தால், எத்தனை முளைக்கும் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.