'வாட்ச்ஃபுல் வெயிட்டிங்' என்றதும் பயந்த நோயாளிகள்... புராஸ்டேட் புற்றுநோய்க்கு உடனே ஆபரேஷன் அவசியமா? 15 ஆண்டு ஆய்வு சொல்வது என்ன?

ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கான 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' பேக்கேஜ்களில் பி.எஸ்.ஏ என்றொரு ரத்தப் பரிசோதனை பல இடங்களில் சேர்ந்தே வருகிறது. சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் பார்க்கப் போனவர், ரிப்போர்ட்டில் அந்த ஓர் எண் மட்டும் தடித்த எழுத்தில் இருப்பதைப் பார்க்கிறார். அடுத்து ஸ்கேன், பயாப்சி. 'ஆரம்பநிலை புராஸ்டேட் புற்றுநோய்' என்று முடிவு வந்தால், அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப் குரூப் விழித்துக்கொள்கிறது. "எப்ப ஆபரேஷன்?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வியும்.

"ஆபரேஷன் வேணுமா?" என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பிரிட்டனில் ஒரு மருத்துவ ஆய்வு நடந்தது. பெயர் 'புரொடெக்ட்'. 1999-ல் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கி, 2023-ல்தான் 15 ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். முடிவுகள் எவ்வளவு முக்கியமோ, அதே அளவுக்குச் சுவாரஸ்யமானது இன்னொரு விஷயம். தொடக்கத்தில் இந்த ஆய்வில் சேர நோயாளிகள் தயங்கினார்கள். காரணம், டாக்டர்கள் பயன்படுத்திய சில வார்த்தைகள்.

முதலில், புராஸ்டேட் என்றால் என்ன?

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி இது. சிறுநீர்க் குழாய் இதன் நடுவே புகுந்துதான் வெளியே வருகிறது. வயதாக ஆக இந்தச் சுரப்பி பெருப்பது சகஜம். ராத்திரியில் நாலு தடவை எழுந்துபோவது, சொட்டுச் சொட்டாகப் போவது, போன பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றுவது எல்லாம் பெரும்பாலும் இந்த வீக்கத்தால் வருபவை. அது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் அல்ல. மாத்திரைக்குக் கட்டுப்படாவிட்டால், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி அடைப்பைச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷன் இருக்கிறது.

ஆரம்பநிலை புற்றுநோயோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. பி.எஸ்.ஏ என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். புற்றுநோய் இருந்தாலும் அது கூடும், சாதாரண வீக்கம் இருந்தாலும் கூடும், கிருமித்தொற்று வந்தாலும் கூடும். அந்த எண் ஒரு மணி அடிக்கிறது, அவ்வளவுதான். வாசலில் நிற்பது யார் என்று சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. புராஸ்டேட் புற்றுநோயில் பல, மிக மெதுவாக வளர்பவை. அது தொந்தரவு தரும் முன்பே, வேறு ஏதோ ஒரு காரணத்தால் அந்த மனிதர் தன் ஆயுளை முடித்திருப்பார். சில வகைகள் மட்டும் வேகமாக எலும்புக்குப் பரவும். எல்லோருக்கும் ஆபரேஷன் செய்தால், தேவையில்லாதவர்களையும் வெட்டியதாகிவிடும். யாருக்கும் செய்யாவிட்டால், காப்பாற்றியிருக்க வேண்டியவர்களை இழப்போம்.

'நான் சாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பீர்களா?'

இதற்கு விடை தேட ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக சிறுநீரகவியல் நிபுணர் ஃப்ரெடி ஹாம்டி, பிரிஸ்டல் பல்கலைக்கழக சமூகவியலாளர் ஜென்னி டோனவன், டேவிட் நீல் ஆகியோர் தலைமையில் ஒரு குழு இறங்கியது. 50 முதல் 69 வயதுவரையிலான 82,429 ஆண்களுக்கு பி.எஸ்.ஏ பரிசோதனை செய்தார்கள். அவர்களில் 2,664 பேருக்கு, பரவாத நிலையில் உள்ள புற்றுநோய் தெரியவந்தது. இவர்களைக் கிட்டத்தட்ட குலுக்கல் முறையில் மூன்று அணிகளாகப் பிரிக்க வேண்டும். ஓர் அணிக்கு ஆபரேஷன், இன்னோர் அணிக்குக் கதிர்வீச்சு (நம் ஊரில் 'கரன்ட் வைக்கிறது' என்பார்களே, அது), மூன்றாவது அணிக்கு உடனடி சிகிச்சை எதுவும் இல்லாமல் கண்காணிப்பு மட்டும்.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, சிகிச்சையைக் குலுக்கல் முடிவு செய்யட்டும் என்று யார் சம்மதிப்பார்கள்? அதுவும், 'சும்மா இரு' என்ற சீட்டு விழுந்தால்?

ஆரம்பத்தில் நிறைய பேர் மறுத்தார்கள். அப்போது டோனவன் செய்த காரியம்தான் எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்தது. நோயாளிகளைக் குறை சொல்லாமல், டாக்டர்களும் நர்ஸுகளும் அவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை டேப்பில் பதிவு செய்து, உட்கார்ந்து கேட்டார்.

ஆபரேஷனையும் கதிர்வீச்சையும் டாக்டர்கள் விரிவாக, நம்பிக்கையோடு விளக்கினார்கள். கண்காணிப்பைக் கடைசியில், இரண்டே வாக்கியத்தில் முடித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'வாட்ச்ஃபுல் வெயிட்டிங்'. கவனமாகக் காத்திருத்தல் என்ற பொருளில் டாக்டர்கள் சொன்னார்கள். நோயாளிகளின் காதிலோ, 'நான் சாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பீர்கள்' என்று விழுந்தது.

இன்னொரு வாக்கியம். "இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் பத்து வருஷம் கழித்தும் உயிரோடு இருப்பார்கள்." ஆறுதலாகத்தான் சொன்னார்கள். சிலருக்கு அது, 'அப்படியானால் பத்து வருஷத்தில் நான் போய்விடுவேனா?' என்று கேட்டது.

உடனே பேச்சை மாற்றினார்கள். கண்காணிப்புக்கு 'ஆக்டிவ் மானிட்டரிங்' என்று புதுப் பெயர். அதை முதலில் சொல்ல வேண்டும், என்னென்ன பரிசோதனை எப்போது செய்யப்படும் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். பத்து வருஷக் கணக்கை எடுத்துவிட்டு, 'இந்த நோயோடு பெரும்பாலான ஆண்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள்' என்று சொன்னார்கள். குலுக்கலுக்குச் சம்மதித்தவர்களின் விகிதம் 40 சதவிகிதத்திலிருந்து 70 சதவிகிதமாக உயர்ந்தது. மருந்து மாறவில்லை, மெஷின் மாறவில்லை. இதே ஆய்வுக்குள் நடத்திய ஒரு சின்ன ஒப்பீட்டில், ஆட்களைச் சேர்ப்பதில் யூராலஜி டாக்டர்களுக்கு நர்ஸுகள் சளைத்தவர்கள் இல்லை என்பதும் தெரியவந்தது.

கடைசியில் 1,643 பேர் குலுக்கலுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

15 ஆண்டுகள் கழித்து...

2023-ல் வந்த முடிவு, மூன்று அணிகளையும் சேர்த்து 45 பேர் மட்டுமே புராஸ்டேட் புற்றுநோயால் இறந்திருந்தார்கள் என்றது. நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. அதே காலத்தில் மாரடைப்பு உட்பட எல்லாக் காரணங்களையும் சேர்த்து இறந்தவர்கள் 356 பேர். அணிவாரியாகப் பார்த்தால், கண்காணிப்பில் 17 பேர், ஆபரேஷனில் 12 பேர், கதிர்வீச்சில் 16 பேர். புள்ளியியல் கணக்குப்படி இதைப் பெரிய வித்தியாசமாக எடுத்துக்கொள்ள முடியாது.

'அப்போ சும்மா இருந்தால் போதும்' என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபார்வேர்டு செய்துவிடாதீர்கள். கண்காணிப்பு அணியில் 9.4 சதவிகிதம் பேருக்குப் புற்றுநோய் மற்ற இடங்களுக்குப் பரவியது. மற்ற இரண்டு அணிகளில் இது சுமார் 5 சதவிகிதம்தான். பரவுவது என்பது சாதாரண விஷயம் இல்லை. அதற்கான ஹார்மோன் சிகிச்சைக்கு எனத் தனி அவஸ்தைகள் உண்டு. தவிர, கண்காணிப்பில் இருந்தவர்கள் யாரும் சும்மா விடப்படவில்லை. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. ஒரே வருடத்தில் அது 50 சதவிகிதம் ஏறினால் மறுபரிசீலனை. இப்படி, அந்த அணியில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் ஆபரேஷனுக்கோ கதிர்வீச்சுக்கோ மாறினார்கள். கடைசிவரை அந்தச் சிகிச்சைகள் எதுவும் தேவைப்படாமல் உயிரோடு இருந்தவர்கள் 133 பேர். அதாவது, நாலில் ஒருவர்.

வீட்டில் பேசப்படாத விலை

அந்த நாலில் ஒருவர் தப்பித்தது எதிலிருந்து? இதைப் பற்றித்தான் நம் வீடுகளில் பேசவே மாட்டோம்.

புராஸ்டேட்டை முழுவதும் எடுப்பது என்பது, குழாயின் நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பது போன்றது. சிறுநீரைப் பிடித்து நிறுத்தும் தசைகள் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. புரொடெக்ட் ஆய்வில், ஆபரேஷன் முடிந்து ஆறாவது மாதத்தில் 46 சதவிகித ஆண்கள் சிறுநீர்க் கசிவுக்காக பேடு வைத்துக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பு அணியில் 4 சதவிகிதம். ஆறு வருடம் கழித்து ஆபரேஷன் அணியில் அது 17 சதவிகிதமாகக் குறைந்தது. ஆனால், 12 வருடத்தில் மறுபடி 24 சதவிகிதத்துக்கு ஏறியது.

தாம்பத்ய உறவு விஷயமும் அப்படியே. சிகிச்சைக்கு முன் 67 சதவிகிதம் பேருக்குப் போதுமான விறைப்புத்தன்மை இருந்தது. ஆறு மாதம் கழித்து, கண்காணிப்பில் 52 சதவிகிதம், கதிர்வீச்சில் 22, ஆபரேஷனில் 12.

ஒரு காலத்தில் இது தவிர்க்கவே முடியாத விளைவு என்று டாக்டர்களே நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பேட்ரிக் வால்ஷ், 1981-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பீட்டர் டாங்கர் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியரைச் சந்தித்தார். விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட்டுக்கு உள்ளே அல்ல, அதன் வெளிப்புறத்தை ஒட்டி ஓடுகின்றன என்பதை இருவரும் சேர்ந்து கண்டறிந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த நரம்புகளைக் காப்பாற்றியபடி வால்ஷ் ஆபரேஷன் செய்தார். இன்று நரம்புகளைக் காப்பாற்றும் ஆபரேஷன் என்பதெல்லாம் அங்கிருந்து வந்ததுதான். ரோபோ கை வந்த பிறகும் அந்த நரம்புகள் இருக்கும் இடம் மாறிவிடவில்லை. புற்றுநோய் நரம்பை ஒட்டி இருந்தால், நரம்பையும் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

கசிவு நிற்காதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. முதலில் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி. அதற்கும் சரியாகாவிட்டால், 1970-களில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் உருவாக்கிய செயற்கை வால்வு இருக்கிறது. சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு பட்டை, அடிவயிற்றில் ஒரு சின்ன பலூன், விதைப்பையில் ஒரு பம்ப். பம்பை அழுத்தினால் பட்டை தளர்ந்து சிறுநீர் வரும். சில நிமிடங்களில் தானாக மூடிக்கொள்ளும். இதைவிட எளிமையான, குழாயைத் தாங்கிப் பிடிக்கும் 'ஸ்லிங்' என்ற பட்டையும் உண்டு. இரண்டையும் 380 ஆண்களிடம் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு ஒன்றில், இரண்டிலுமே கசிவு வெகுவாகக் குறைந்தது. ஆனால், ஒரு வருடம் கழித்தும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் 'கொஞ்சமாவது கசிகிறது' என்றே சொன்னார்கள். சொட்டுக்கூடக் கசியாது என்று யாராவது உறுதி கொடுத்தால், கொஞ்சம் யோசியுங்கள்.

அப்படியானால் ஆபரேஷன் வேண்டாமா?

வேண்டியவர்களுக்கு வேண்டும். ஸ்வீடன், ஃபின்லாந்து, ஐஸ்லாந்தில் 695 ஆண்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில், காத்திருந்தவர்களைவிட ஆபரேஷன் செய்தவர்கள் சராசரியாக 2.9 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். அங்கே பெரும்பாலானவர்கள், பி.எஸ்.ஏ பரிசோதனையில் அல்லாமல், புற்றுநோய் கைக்குத் தட்டுப்படும் நிலைக்கு வந்த பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்கள். புரொடெக்ட்டில் இருந்தவர்களோ, அறிகுறி வரும் முன்பே பரிசோதனையில் சிக்கியவர்கள். பெரும்பாலும் தீவிரம் குறைந்த வகை. ஏறக்குறைய எல்லோருமே வெள்ளையர்கள். நம் ஊரில் எலும்பு வலி வந்த பிறகு டாக்டரிடம் போகிறவர் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்த 15 ஆண்டுக் கணக்கு பொருந்தாது.

இப்போது எம்.ஆர்.ஐ ஸ்கேன் நிறைய உதவுகிறது. 2018-ல் 11 நாடுகளில் 500 ஆண்களிடம் நடத்திய 'பிரிசிஷன்' ஆய்வில், முதலில் எம்.ஆர்.ஐ எடுத்ததால் 28 சதவிகிதம் பேருக்கு பயாப்சி ஊசியே தேவைப்படவில்லை. எடுத்தவர்களிலும் ஆபத்தான வகை கூடுதலாகவும், ஆபத்தில்லாத வகை குறைவாகவும் பிடிபட்டது. தேவையில்லாத பயத்தைத் தொடக்கத்திலேயே வடிகட்டும் வேலை இது.

அந்த ஆபத்தில்லாத வகையின் பெயரைப் பற்றியும் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. பயாப்சி ரிப்போர்ட்டில் 'க்ளீசன் ஸ்கோர்' என்று ஓர் எண் இருக்கும். 6 என்றால் மிகக் குறைந்த தீவிரம். இதைப் புற்றுநோய் என்று அழைப்பதையே நிறுத்திவிடலாம் என்று 2022-ல் சில நிபுணர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்த வார்த்தையைக் கேட்ட பயத்திலேயே பலர் தேவையில்லாத சிகிச்சைக்கு ஓடுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். பெயரை எடுத்துவிட்டால் கண்காணிப்புக்கே வராமல் போய்விடுவார்கள் என்கிறது எதிர்த்தரப்பு. நம் ஊர் நிலவரத்தை வைத்துப் பார்த்தால், எதிர்த்தரப்பின் கவலையை என்னால் ஒதுக்க முடியவில்லை.

உங்கள் அப்பாவுக்கோ கணவருக்கோ இந்த ரிப்போர்ட் வந்தால், டாக்டரிடம் முதலில் க்ளீசன் ஸ்கோர் என்ன, சுரப்பியைத் தாண்டி வெளியே போயிருக்கிறதா என்று கேளுங்கள். கண்காணிப்பு சரிப்படுமா, சரிப்படாது என்றால் ஏன் என்று கேளுங்கள். ஆபரேஷன்தான் என்றால், அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஒரு வருடம் கழித்தும் பேடு வைப்பவர்கள் எத்தனை பேர் என்று தயங்காமல் கேளுங்கள். ஆரம்பநிலை நோயில், யோசிப்பதற்கும் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பதற்கும் சில வாரங்கள் எடுத்துக்கொள்வதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. முக்கியமாக, நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு மகனும் மருமகனும் மட்டும் உள்ளே போய்ப் பேச வேண்டாம். பேடு வைக்கப்போகிறவர் அவர்தான்.