செயலிக்குப் பூசும் பசை

நண்பகலில் தகரக் கூரையின் கீழ் பழைய கணினியில் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: முதலில் மெதுவாகும், பிறகு தானாகவே அணைந்துவிடும். சிரம்பான் தோட்டத்து வீட்டில் என் ஆய்வேட்டின் பாதியில் அப்படித்தான் நடந்தது. கடைக்காரர் தாய்ப்பலகையையே மாற்றச் சொன்னார். உண்மையில் காய்ந்துபோயிருந்தது வெப்பப் பசைதான்.

செயலியின் உலோக மூடியும் அதன்மேல் அமரும் வெப்பந்தணிப்பியும் வழுவழுப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று தங்கிவிடுகிறது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 400 என்றால் காற்றுக்கு 0.026 மட்டுமே. பசை செம்புக்கு ஈடாகாது. ஆனாலும் காற்றைவிடப் பல பத்து மடங்கு மேல். எனவே பள்ளத்தை நிரப்பும் அளவே போதும். ரொட்டியில் காயா தடவுவதுபோல் அப்பினால் அதுவே தடையாகிவிடும்.

கணினியைச் சற்று நேரம் இயக்கிப் பசை இளகியதும் அணைத்து, மின்கம்பியைக் கழற்றுங்கள். வெப்பந்தணிப்பியை நேராக இழுக்காமல் இலேசாகத் திருகி எடுக்க வேண்டும். பழைய ஏஎம்டி வகைகளில் நேராக இழுத்தால் செயலியும் சேர்ந்து வந்து, அதன் ஊசிகள் வளைந்துவிடக்கூடும். பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து உலரவிட்டு, நடுவில் பட்டாணியளவு புதுப்பசை வையுங்கள். திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்குங்கள். விசிறியின் இணைப்பை மறவாதீர், நான் மறந்தேன்!

செயலியின் சூடு அறையின் சூட்டுக்கு மேல்தான் ஏறும். அறை 34 பாகையில் இருந்தால் எந்தப் பசையாலும் அதைக் குறைக்க முடியாது. மீதி ஆய்வேட்டை விடியற்காலையில்தான் தட்டச்சு செய்தேன்.