தலைமுடிக்கு மருதோன்றி பூசுவோர் கவனத்திற்கு

மருதோன்றியிலுள்ள லாசோன் எனும் நிறப்பொருள் முடியின் கெரட்டின் புரதத்துடன் பிணைவதால், முடி தடிப்பாகத் தோன்றும். எனினும், அடிக்கடி பூசினால் அது விறைத்து வறண்டுபோகலாம். சுண்ணாம்புச் சத்து மிகுந்த லண்டன் குழாய்நீர் அவ்வறட்சியை மிகுவிக்கும். அந்நிலையில் முட்டை முதலிய புரதப் பூச்சுகளைத் தவிர்த்து, ஈரப்பதம் தரும் கண்டிஷனரைப் பயன்படுத்தவும். மறுமுறை, புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் பூசுதல் போதுமானது.

தூய மருதோன்றி செம்பழுப்பு நிறமே தரும். ‘கறுப்பு மருதோன்றி’ என விற்கப்படும் தூளில், கடும் ஒவ்வாமையை உண்டாக்கவல்ல பிபிடி எனும் இரசாயனம் கலந்திருக்கக்கூடும். உட்பொருட்களின் பட்டியல் இல்லாத பொதியை வாங்க வேண்டாம்; அப்பட்டியல் சட்டப்படி கட்டாயமானது. அத்தகைய பொதி விற்கப்படுமாயின், சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி இணைப்புக்கு (0808 223 1133) அறிவிக்கலாம். தோலில் கொப்புளம் தோன்றினால் 111 ஐயும், முகம் வீங்கி மூச்சுத் திணறினால் உடனடியாக 999 ஐயும் அழைக்கவும்.