பொட்டலம் கட்டவிடாத மாத்திரை

டெகோவிரிமாட் மாத்திரை குரங்கம்மைப் புண்களைச் சீக்கிரம் ஆற்றவில்லை என்று காங்கோ ஜனநாயகக் குடியரசில் நடந்த ஆய்வு 2024 ஆகஸ்டில் அறிவித்தது. கலந்துகொண்டவர்கள் 597 பேர். மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் புண் ஆற ஏறக்குறைய ஒரே காலம்தான் பிடித்தது. ‘அதிசய மருந்து’ என்ற பேச்சு அத்தோடு ‘தோற்ற மருந்து’ என்று மாறிவிட்டது. இரண்டுமே அவசரம். இதே மருந்தைப் பிரேசிலில் கறவை மாட்டு அம்மைக்கு எதிராகவும் சோதித்திருக்கிறார்கள். அங்கே தொடங்கினால் விஷயம் விளங்கும்.

1999இல் ரியோ டி ஜெனீரோ மாநிலத்துக் காண்டகலோவில் பசுக்களின் காம்புகளில் கொப்புளம் கிளம்பியது. பால் கறந்தவர்களின் கைகளிலும்தான். ஆய்வாளர் கிளாரிசா டமாசோவின் குழு அதிலிருந்து பிரித்தெடுத்த வைரஸ், பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வாக்சினியாவின் ஒரு வகை. அந்த ஊசிகளிலிருந்தே அது தப்பி வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். நம் நாட்டு எருமை அம்மையும் இதற்கு நெருங்கிய உறவு. வரலாறு இவ்வளவு போதும்.

கண்ணாடித் தட்டில் வளரும் செல்களின் மேல் இந்த வைரஸை விட்டால், அது பரவிய இடமெல்லாம் ஓட்டை விழும். டெகோவிரிமாட்டைத் துளியளவு கலந்தாலே ஓட்டைகள் சுருங்கிவிடும். இத்தனைக்கும் செல்லுக்குள் வைரஸ் உற்பத்தி நிற்பதேயில்லை!

ஒரு வீட்டில் முறுக்கு சுடுகிறார்கள் என்று வையுங்கள். அடுப்பு எரிகிறது, முறுக்கு குவிகிறது. வெளியூர் போக வேண்டுமானால் பொட்டலம் கட்ட வேண்டும். வைரஸ் தன் F13 புரதத்தை வைத்து, செல்லின் சொந்தச் சவ்வையே எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. வீட்டுக்காரரின் வேட்டியைக் கிழித்தே பொட்டலம் கட்டுவதைப் போல. வாசலைத் தாண்டும்போது வெளிச்சுற்று நிலைப்படியோடு ஒட்டிக்கொள்ள, உள்சுற்றோடு முறுக்கு தெருவுக்குப் போகிறது. மருந்து செய்வது, பொட்டலம் கட்டும் இருவரின் கைகளைச் சேர்த்து ஒட்டிவிடுவது: இரண்டு F13 புரதங்களுக்கிடையே அது பசையாக உட்காருகிறது. முறுக்கு வீட்டுக்குள்ளேயே குவிந்து கிடக்கும். ஆனால் அது கெட்டுப்போகவில்லை. வீடு இடிந்தால் அத்தனையும் தெருவில் கொட்டும். செல் செத்தாலும் அப்படித்தான், பொட்டலமில்லாத வைரஸுக்கும் தொற்றும் திறன் உண்டு.

ஆக, இந்த மருந்து வைரஸைக் கொல்வதில்லை, பரவலைத்தான் தடுக்கிறது. தொற்றிய குரங்குகளுக்கு நாலைந்து நாளில் கொடுத்தபோது பெரும்பாலானவை பிழைத்தன. ஆறாம் நாள் கொடுத்தபோது பலன் குறைந்தது. கொப்புளம் வெடித்த பிறகு சிகிச்சைக்கு வருபவருக்கு, பரவல் பெருமளவு முடிந்திருக்கும். காங்கோவின் முடிவுக்கு இது ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். அமெரிக்கா 2018இல் இதைப் பெரியம்மைக்கு அனுமதித்தபோதும் நோயாளிகளிடம் பார்த்த பலன் கையில் இல்லை. விலங்குச் சோதனைகளும் ஆரோக்கியமானவர்களிடம் பார்த்த பாதுகாப்புச் சோதனையும்தான் இருந்தன.

தட்டில் ஓட்டை சுருங்கியதைக் காட்டி ‘மாட்டு அம்மைக்கு மருந்து வந்தாச்சு’ என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். F13இல் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே வைரஸ் மருந்துக்கு அடங்காமல் போகலாம். மந்தை மந்தையாக மாத்திரை கொடுப்பது அந்த மாற்றத்தைத் தேடிப்பிடித்து வளர்ப்பதாகும். பார்க்க வேண்டிய சோதனை வேறு: ஒரு தொழுவத்தில் முதல் பசுவுக்குக் கொப்புளம் கண்ட அன்றே, கையில் இன்னும் புண் வராத கறவைக்காரர்களுக்கு மாத்திரை கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட வேண்டும். அதுவரை நோய்கண்ட மாட்டைக் கடைசியில் கறப்பதும், ஒவ்வொரு மடிக்கும் கை கழுவுவதுமே அவர்களுக்கு உள்ள காப்பு.